மிக்கேலம்மாள் காப்பாற்றிய இரண்டு பனைகள்

இராமநாதபுரம் ஜில்லா என்றால் தட்டைக் காடு, மேடும் கிடையாது பள்ளமும் கிடையாது என்று பேசுகிறவர்கள் நிறையப் பேர். எனக்குத் தெரிந்து அப்படிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சாயல்குடியிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்குவார்கள். பிள்ளைகளிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்பார்கள். வறுத்த மீன் தின்றுவிட்டு அதே வண்டியில் ஏறிப் போய்விடுவார்கள். அவர்களில் ஒருவரையாவது எங்கள் தாழையடிவலசையிலிருந்து வெள்ளாங்குடிக்கு, தலையில் கருவாட்டுக் கூடையோடு நடக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

ஐந்து மைல் தூரம். கடற்கரைக் குடிசைகளை விட்டதும் வெள்ளை மணல்மேடு. ஓர் அடி எடுத்து வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கும். ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் பள்ளம். பனையும் உடைமரமும் தாழையும் அடைத்துக்கொண்டு கிடக்கும் காடு அது. நடுப்பகலிலும் நிழல் உண்டு, ஊற்றுத் தண்ணீர் உண்டு, தாழம்புதருக்குள் பாம்பும் உண்டு. பள்ளத்தைத் தாண்டினால் செந்தேரி. குன்று மாதிரி குவிந்து கிடக்கும் சிவப்பு மணல். அதன் உச்சியில் நின்றால் பின்னால் கடல் தெரியும், முன்னால் பொட்டல் தெரியும். பொட்டலில் உவரும் முள்ளும்தான். வெள்ளாங்குடி போய்ச் சேரும்வரை ஒதுங்க ஒரு நிழல் கிடையாது.

இந்தப் பாதையில் புதன்கிழமை தவறாமல் பதினேழு வருஷம் நடந்தவள் மிக்கேலம்மாள். கருவாட்டைக் கொடுத்து கேப்பையும் கம்பும் வாங்கி வருவாள். அவளைப் பற்றி எழுத வேறு யாரும் இல்லாததால் நான் எழுதுகிறேன். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்பதை இதைப் படித்து முடிக்கிறவர்கள் சொல்லட்டும்.

நான் அந்த ஊர் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர், அருள்மேரி. அதே கடற்கரையில் பிறந்தவள்தான். தூத்துக்குடியில் கன்னியாஸ்திரிகளிடம் படித்துவிட்டு நாற்பத்தெட்டில் ஊர் திரும்பினேன். ஊரில் படித்த பெண் நான் ஒருத்திதான் என்பதால் எல்லாம் எனக்குத் தெரியும் என்று ஊரும் நினைத்தது, நானும் நினைத்தேன்.

மிக்கேலம்மாள் நெட்டையான பெண். சிரிப்பது அபூர்வம். கருவாட்டுக்குப் பேரம் பேசினால் கூடையை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். "வேணும்னா எடு, வேணாம்னா வெயில்ல காயட்டும்" என்பதுதான் அவளுடைய வியாபாரம். அவளோடு சண்டை போடாத பெண்கள் எங்கள் ஊரில் இரண்டு பேர். ஒருத்தி காது கேளாதவள். இன்னொருத்தி நான்.

அவள் புருஷன் சவேரியாருக்கு ஒரு வத்தை இருந்தது. பாய் கட்டி ஓட்டும் சிறிய படகு, மூன்று பேர் போகலாம். அந்தப் படகில் போய் அவர் பிடித்து வரும் மீனைப் பார்த்து ஊரே வயிறெரிந்தது. கலவாவும் விளமீனும் ஒவ்வொன்றும் பிள்ளை நீளம். மற்றவர்கள் வலையில் சாளையும் காரலும் வரும்போது இவருக்கு மட்டும் தூண்டிலில் இப்படி வருமென்றால், எங்கேயோ ஒரு பார் அவருக்குத் தெரியும் என்று அர்த்தம். பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் கல்மேடு, பெரிய மீன் அடையும் இடம். கடலுக்கு மேலே அதற்கு ஒரு அடையாளமும் இருக்காது. கரையில் இருப்பதை அடையாளம் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடித்தவன் அதை யாருக்கும் சொல்லமாட்டான். அப்பனுக்குச் சொல்லாத மகன் உண்டு, தம்பிக்குச் சொல்லாத அண்ணன் உண்டு. கூடப் போகிற ஆட்களைக்கூட அந்த இடம் வரும்போது கடலைப் பார்த்து உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் கரையைப் பார்ப்பான். மகன் சுக்கான் பிடிக்கிற வயதுக்கு வந்ததும் அவனுக்கு மட்டும் காட்டுவான். எங்கள் ஆட்களுக்கு நிலமில்லை, வீடில்லை. சொத்து என்று மகனுக்கு விட்டுப்போக அவர்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

ஐம்பதாம் வருஷம் வாந்திபேதி வந்தபோது சவேரியார் ஒரே நாளில் போய்விட்டார். மகன் யேசுதாசுக்கு அப்போது எட்டு வயது. எட்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் ஊர் முழுக்கப் பரவிவிடும். அதனால் உயிர் போகிற நேரத்தில் பெண்டாட்டியிடம் சொன்னார். பையன் தலையெடுத்ததும் நீ அவனிடம் சொல் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். கோயில் சிலுவையும் உப்பளத்தில் மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் கூரையும் ஒன்றன் பின் ஒன்றாக வரும்படி படகைக் கடலுக்குள் ஓட்டிப் போக வேண்டும். அப்படிப் போகும்போது தேரி உச்சியில் இரண்டு பனை ஒன்றாக நிற்கும். அந்த இடத்தில் கல்லைப் போட்டுப் படகை நிறுத்த வேண்டும். கீழே பார்.

அதற்கு மேல் சொல்ல அவருக்கு மூச்சில்லை. கேட்டவளுக்கும் கேள்வி வரவில்லை. வருவதற்கும் வழியில்லை. எங்கள் ஊரில் பெண்கள் வத்தையில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் மீன் படாது என்பார்கள். படகு கரைக்கு வந்ததும் மீனைக் கூறு போட, உப்புப் போட, காயப்போட, தலையில் சுமக்க, விற்க எல்லாவற்றுக்கும் நாங்கள் வேண்டும். ஏறி உட்கார மட்டும் கூடாது. மிக்கேலம்மாள் கடலைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறாள், கடலிலிருந்து கரையை ஒரு நாளும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

புருஷனைப் புதைத்த மறுவாரமே அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு தேரிக்குப் போனாள். உச்சியில் பனைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் பதினைந்து நின்றன. அவற்றில் இரண்டு மட்டும் ஒரே குழியில் முளைத்த மாதிரி ஒட்டி நின்றன. அதுதான் என்று அவளுக்குப் பட்டது. யாருக்குத்தான் படாது? அன்றிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் அங்கே கூடையை இறக்கி வைத்து, மரத்தில் கை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டுதான் பொட்டலில் இறங்குவாள். கரையில் வத்தையைக் கவிழ்த்துப் போட்டு ஓலை வேய்ந்து வைத்திருந்தாள். மீன் எண்ணெய் பூசுவாள், கரையான் தட்டுவாள். விலைக்குக் கேட்டு வந்த கொழுந்தன்மாரை வாசலோடு விரட்டினாள். "எம் மவன் இதுல ஏறி அவுக அய்யா போன எடத்துக்குப் போவான்" என்பாள். அவளுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஐம்பத்தைந்தாம் வருஷக் கடைசியில் அடித்த புயலில் பள்ளிக்கூடத்துக் கூரை பறந்துவிட்டது. பிள்ளைகளைக் கோயில் முற்றத்தில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். மணலில் இந்தியப் படம் வரைந்து பூகோளம் சொல்லிக்கொடுத்தேன். பங்குச் சாமியார் வெள்ளாங்குடி மருதுபாண்டியிடம் போய்க் கூரைக்கு மரம் கேட்டார். மணல்மேடும் பள்ளமும் தேரியும் மருதுபாண்டி குடும்பத்துக்குப் பாத்தியமான நிலம். அவர் நல்ல மனிதர். பிள்ளைகள் படிக்கிற காரியம் என்று பன்னிரண்டு பனையை வெட்டிக்கொள்ளச் சொன்னார்.

ஒரு புதன்கிழமை, காலை மணி அடிப்பதற்கு முன்னால் மிக்கேலம்மாள் ஓடி வந்தாள். பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறாள். கூடை இல்லை. அவள் கூடையில்லாமல் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"டீச்சர், ஒங்க பள்ளிக்கூடத்துக்குத்தான மரம் வெட்டுறாக? தேரி மேல ரெண்டு மரம் ஒட்டி நிக்கிதுல்ல, அதுலயும் கோடாலியால கொத்தி அடையாளம் போட்டுருக்காக. அத வெட்டக்கூடாது டீச்சர். நீங்க சொன்னா கேப்பாக."

"ஏன் வெட்டக்கூடாது?"

அவள் என் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் இழுத்துப்போய் மாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தினாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன். பிறகு சவேரியார் சொன்னதை அப்படியே என்னிடம் சொன்னாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாத ரகசியம் என்னிடம் வந்திருக்கிறது, அதைக் காப்பாற்ற என்னால்தான் முடியும். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டேன். இருவரும் வெள்ளாங்குடிக்கு நடந்தோம்.

அந்தப் பாதையை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் முழுக்க நடந்தேன். மணல்மேட்டில் மூச்சு வாங்கியது. பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தோம். தலைக்கு மேல் ஓலைகள் உரசும் சத்தம். உடைமரத்தில் மஞ்சள் பூ பூத்திருந்தது, கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று கேட்டேன். "ஒக்காந்தா எந்திரிக்க மனசு வராது, வாங்க" என்று முன்னால் போனாள். தேரியில் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். உச்சியில் அந்த இரண்டு மரத்தையும் காட்டினாள். கோடாலி கொத்திய இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். பொட்டலில் வெயில் என்னைச் சுருட்டிப் போட்டது. அவள் ஒரு தடவைகூட நெற்றியைத் துடைக்கவில்லை. இந்தப் பாதையை அவள் மழையிலும் காய்ச்சலிலும் நடந்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மருதுபாண்டி களத்தில் கட்டிலில் உட்கார்ந்து கேழ்வரகு தூற்றுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. இந்தப் பெண் அந்த மரத்தடியில் ஜெபம் செய்கிறாள் என்று பாதி உண்மையைச் சொன்னேன்.

அவர் யோசித்தார். "அதுக்கென்ன டீச்சரம்மா. சாமி காரியம். விட்டுருவோம். ஆனா பன்னெண்டு மரம் இல்லாம கூரை நிக்காதுன்னு சாமியாரு கணக்குச் சொல்லிட்டாக. அந்த ரெண்ட விட்டா வேற ரெண்டு காட்டுங்க. எனக்கு எல்லா மரமும் ஒண்ணுதான்."

மிக்கேலம்மாள் சும்மா வாங்கிக்கொள்கிறவள் இல்லை. "அய்யா, அந்த ரெண்டு மரமும் நிக்கிற வரைக்கும் புதன்கெழம புதன்கெழம ஒங்க வீட்டுக்கு ஒரு கட்டு சீலாக் கருவாடு வரும்" என்றாள்.

"வேணாம்மா, என்னத்துக்கு?"

"சொல்லிட்டேன்."

மரம் வெட்டுகிற ராக்கப்பன் எங்களோடு திரும்பி வந்தான். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு, எது வேண்டுமானாலும் காட்டுங்கள், சீக்கிரம் காட்டுங்கள் என்ற முகத்தோடு நடந்தான். எந்த இரண்டு மரத்தைக் கொடுப்பது என்பதுதான் இப்போது கேள்வி. அதைத் தீர்த்து வைத்தவள் நான்.

தேரி உச்சியில், ஒட்டி நின்ற மரங்களுக்கு முப்பது அடி தள்ளி, நெட்டையாக ஒற்றைப் பனை ஒன்று நின்றது. நல்ல வைரம் பாய்ந்த மரம். "இதைக் கொடு. இது போனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்றேன். மிக்கேலம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை விரலில் தொட்டு அந்த மரத்தில் ஒரு கோடு இழுத்தாள். ராக்கப்பன் தலையாட்டினான்.

இரண்டாவது மரத்தைப் பள்ளத்தில் தேடினோம். அங்கே நல்ல மரங்களையெல்லாம் ஏற்கெனவே குறித்திருந்தார்கள், மற்றவை வடலி, வைரம் பாயாத இளம்பனை. கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மணல்மேட்டு விளிம்பில் நின்ற பழைய பனை என் கண்ணில் பட்டது. "இது ஏன் கூடாது? தூக்கிக்கொண்டு வருகிற வேலையே இல்லை. காற்றடித்தால் மட்டை விழுந்து பிள்ளைகள் பயப்படுகிறார்கள்."

அவள் சுண்ணாம்பு விரலை நீட்டிவிட்டு நிறுத்தினாள்.

"அவுக இருந்தப்ப வருசா வருசம் ஆளு வச்சு இந்த மரத்துக்குக் காவோல கழிச்சு விடுவாக டீச்சர்."

"ஓலைக்காக இருக்கும்."

"எங்க வீட்டுக்கு அந்த ஓல ஒண்ணுகூட வந்ததில்ல. ஆளையே எடுத்துக்கிடச் சொல்லிருவாக. மரம் பளிச்சுன்னு நின்னாச் சரின்னு சொல்லுவாக."

அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்கலாம். ஒரு மனிதன் தன்னுடையது அல்லாத மரத்துக்குக் கூலி கொடுத்துக் காய்ந்த ஓலையைக் கழித்து விடுகிறான் என்றால், அந்த மரத்தை எங்கிருந்தோ பார்க்கிறான் என்று அர்த்தம். பூகோளப் பாடம் நடத்துகிறவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். எனக்குப் பசித்தது. கால் சுட்டது. கூரை சீக்கிரம் வேண்டியிருந்தது.

"அவர் குணம் அப்படி, மரம் செடியென்றால் பிரியம்" என்றேன்.

அவள் கோடு இழுத்தாள். மறுநாள் இரண்டு மரமும் விழுந்தன. மணல்மேட்டு மரம் முந்நூறு அடி தள்ளி விழுந்தாலும் என் காலடியில் மணல் அதிர்ந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அந்த வருஷம் பங்குனிக்குள் பள்ளிக்கூடம் கூரை கண்டது. மிக்கேலம்மாள் புதன்கிழமைதோறும் மருதுபாண்டி வீட்டுக்குக் கருவாட்டுக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளுக்குப் படகு ஓடவில்லை, வருமானம் இல்லை. அடுத்தவர் மீனுக்கு உப்புப் போட்டுக் கூலியாகக் கிடைக்கிற மீனில் நல்லதை எடுத்து அதற்கென்று ஒதுக்கி வைப்பாள். வீட்டில் தாயும் மகனும் காரல் பொடியைக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வார்கள். "எம் மவனுக்குச் சேத்து வைக்கிறேன் டீச்சர்" என்பாள். சொத்துச் சேர்க்கிறவள் முகம்தான் அது.

அறுபதாம் வருஷம் யேசுதாசுக்குப் பதினெட்டு வயது. மாமன் கில்பர்ட்டிடம் சுக்கான் பிடிக்கவும் பாய் இறக்கவும் பழகியிருந்தான். கவிழ்த்துப் போட்டிருந்த வத்தையை நிமிர்த்தி, பலகை மாற்றி, சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்தார்கள். கடலில் இறங்குவதற்கு முதல் நாள் சாயங்காலம் மிக்கேலம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு தேரிக்கு நடந்தாள். ஒட்டி நின்ற மரங்களைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். திரும்பி வரும்போது அந்தப் பெண் சிரித்துக்கொண்டு வந்தாள். நான் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தேன்.

யேசுதாஸ் விடியற்காலையில் போனான். மத்தியானம் வந்தான். ஒன்றுமில்லை. மறுநாள் போனான். ஒன்றுமில்லை. முதல் வாரம் யாரும் கவலைப்படவில்லை, பழகாத பையன், கடல் கலங்கிக் கிடக்கிறது என்றார்கள். இரண்டாவது வாரம் கொழுந்தன்மார் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் கூடப் போன ஆட்கள் வேறு படகுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவன் கோயில் முற்றத்தில் அம்மாவை நிறுத்தினான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"அம்மா, செலுவையும் கிட்டங்கியும் ஒண்ணாக்கி ஓட்டிப் போறேன். அது சரி. ஆனா அந்த ரெண்டு மரமும் கரைய விட்டு ஏறுன ஒடனேயும் ஒண்ணாத்தான் நிக்கிது. ரெண்டு பாகம் ஆழத்துலயும் ஒண்ணாத்தான் நிக்கிது, இருவது பாகத்துலயும் ஒண்ணாத்தான் நிக்கிது. கடல்ல எங்க போனாலும் ஒண்ணாத்தான் நிக்கிது. அத வச்சு நான் எந்த எடத்துலன்னு கல்லப் போடுறது?"

அவள் புரியாமல் பார்த்தாள்.

"அய்யா சொன்னது பக்கத்துப் பக்கத்துல நிக்கிற மரம் இல்லம்மா. ஒண்ணு முன்னால, ஒண்ணு ரொம்பப் பின்னால தேரியில நிக்கணும். படகு போகப் போக ரெண்டும் நெருங்கிக்கிட்டே வந்து, ஒரு எடத்துல ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறைஞ்சு ஒரே மரமாத் தெரியும். அந்த எடத்துலதான் பாரு. கடல்லருந்து பாத்தாத்தான் தெரியும்." பிறகு, "முன்னால இங்கன மேட்டுல மரம் ஏதும் நின்னுச்சாம்மா?" என்று கேட்டான்.

பின்னால் நின்ற மரம் தேரியில் நான் காட்டிய ஒற்றைப் பனைதான் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. மிக்கேலம்மாள் திரும்பிப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மணல்மேட்டைப் பார்த்தாள். வெறும் மணல். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நின்னுச்சு" என்றாள். "நாந்தான் சுண்ணாம்பு வச்சேன்."

டீச்சர்தான் காட்டினாள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னால் மறுத்திருக்க முடியாது. நானாகச் சொல்லியிருக்கலாம், அவன் ஓரடி தூரத்தில்தான் நின்றான். சொல்லவில்லை. யேசுதாஸ் அம்மாவைத் திட்டாமல், கத்தாமல், குடிசைக்குப் போனான். திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவள் அதோடு விடவில்லை. அடிமரத்தைக் கண்டுபிடித்து அங்கே கழி நட்டால் போதாதா என்றாள். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. நாலு வருஷத்து ஆடிக் காற்று தேரி மணலை வாரி வாரிப் போட்டு ஒற்றைப் பனையின் அடிமரத்தை மூடியிருந்தது. மணல்மேட்டு அடிமரத்தை யாரோ விறகுக்குத் தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள். இங்கேதான் என்று அவள் ஒரு இடத்தைக் காட்டினாள், நான் பத்தடி தள்ளி ஒரு இடத்தைக் காட்டினேன். ராக்கப்பனைக் கூட்டி வந்து கேட்டோம். "எத்தனையோ மரம் வெட்டியாச்சும்மா" என்றான்.

கோடை விடுமுறையில் ஒரு மாதம் நாங்கள் இருவரும் மரமாக நின்றோம். ஆமாம், அப்படித்தான் சொல்ல வேண்டும். நீளமான மூங்கிலில் வெள்ளைச் சேலையைக் கட்டி, அவள் தேரி உச்சியில் நிற்பாள். இன்னொரு மூங்கிலோடு நான் மணல்மேட்டில் நிற்பேன். யேசுதாஸ் தனியாக வத்தையில் போய் இரண்டு சேலையும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் கல்லைப் போடுவான். அடியில் மணல். மறுநாள் நான் மூன்றடி இடது பக்கம் நகர்ந்து நிற்பேன், அவள் இரண்டடி வலது பக்கம். மறுபடியும் மணல். கரையில் ஓரடி தப்பினால் கடலில் எவ்வளவு தப்பும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். ஒரு ராத்திரி போட்டுப் பார்த்துவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஊர்ப் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். டீச்சருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது. அவளுக்கு அதுவும் உறைக்கவில்லை. மூங்கிலைப் பிடித்து உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது, துணியைச் சுற்றிக்கொண்டு நின்றாள். கால் நோக நின்றால் மரம் திரும்பி வந்துவிடும் என்று நம்புகிறவள் மாதிரி நின்றாள்.

மாதக் கடைசியில் ஒரு நாள் கடலில் வத்தை வரவில்லை. சாயங்காலம் வரை நின்றுவிட்டு நான் இறங்கி வந்தேன். யேசுதாஸ் அதிகாலையிலேயே துணி மூட்டையோடு பாம்பனுக்குப் போய்விட்டதாகக் கில்பர்ட் சொன்னார். அங்கே யாரோ ஒருவருடைய படகில் பங்குக்கு ஆளாகப் போகிறானாம். அவளிடம் போய்ச் சொல்ல ஊரில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. இருட்டிய பிறகு நான்தான் தேரிக்கு ஏறினேன். மூங்கிலை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். சொன்னேன். மூங்கிலைச் சாய்த்து, சேலையை அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை கருவாட்டுக் கட்டோடு வெள்ளாங்குடிக்குப் போனாள். மருதுபாண்டிக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. "போதும்மா, இனிமே கொண்டாராத. அந்த மரத்தால ஒனக்கு என்ன பிரயோசனம்?" என்றாராம்.

"மரம் நிக்கிதுல்ல" என்று சொல்லி வைத்துவிட்டு வந்தாள்.

அறுபத்து நாலு டிசம்பரில் தனுஷ்கோடியையே கொண்டுபோன புயல் அடித்தபோது எங்கள் பள்ளத்திலும் தேரியிலும் எத்தனையோ மரம் சாய்ந்தது. விடிந்ததும் மிக்கேலம்மாள் முதலில் பாம்பன் செய்திக்கு அலைந்தாள். யேசுதாஸ் பிழைத்துக்கொண்டான் என்று ஐந்தாம் நாள் ஆள் சொல்லி அனுப்பினான், கடிதம் எழுதவில்லை. அதற்குப் பிறகு தேரிக்குப் போய்ப் பார்த்தாள். அந்த இரண்டு மரத்துக்கும் ஒரு மட்டைகூட ஒடியவில்லை. அந்த ஒரு நாள்தான் அவள் அந்த மரங்களைக் காலால் உதைத்ததாகச் சொன்னாள். உதைத்துவிட்டு வெள்ளாங்குடிக்கு நடந்திருக்கிறாள், அன்று புதன்கிழமை.

அறுபத்தேழில் அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. நடக்க முடியாமல் படுத்துவிட்டாள். ஒரு நாள் மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருஷமாகச் சொல்லாததை அப்போது சொன்னேன்.

"ரெண்டு மரத்தையும் நான்தான் காட்டினேன், மிக்கேலம்மா. நீ நிறுத்தினாய். நான்தான் விடவில்லை."

"தெரியுமே" என்றாள்.

"அவனிடம் ஏன் சொல்லவில்லை?"

மூச்சு வாங்கிக்கொண்டே, "சொன்னா அவன் ஒங்க பள்ளிக்கூடத்துக்குத் தீ வச்சிருப்பான் டீச்சர். பெறகு மழைக்கு எல்லாப் புள்ளைகளும் எங்கன ஒக்காரும்?" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "நாளைக்குப் புதன்கெழம. மச்சுல கட்டு இருக்கு. யார்ட்டயாச்சும் குடுத்து விடுங்க" என்றாள்.

நானே கொண்டுபோனேன். மணல்மேடு, பள்ளம், தேரி, பொட்டல். கட்டு அவ்வளவு கனமில்லை, எனக்குத்தான் கழுத்து ஒடிந்தது. தேரி உச்சியில் இறக்கி வைத்தேன். மரத்தைத் தொடவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெள்ளாங்குடியில் மருதுபாண்டி கட்டை வாங்கிக்கொண்டு, "அவுக எப்படி இருக்காக?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். நான் திரும்பி வந்தபோது அவள் இல்லை.

யேசுதாஸ் அடக்கத்துக்கு வந்தான். குழிக்கு மண் போட்டான், மறுநாளே போய்விட்டான். போகும்போது என்னிடம் வந்து, அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதற்கு என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. ஐந்தாம் வகுப்புக்குப் பூகோளம். திசை அறிவது எப்படி என்பது பாடம். தலைக்கு மேல் கூரையில் பன்னிரண்டு மரமும் கைமரமாகவும் வரிச்சாகவும் கிடக்கின்றன, எது எந்த மரம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. நான் மேலே பார்க்காமல் பாடத்தை நடத்தினேன்.